கேலரியில் எதைப் பாடலாம், எதை விட வேண்டும்: கால்பந்து ரசிகர் குழுக்களுக்கு ஒரு கையேடு

எதிரணியை வாழ்த்திப் பாடுவதற்காக யாரும் கால்பந்து டிக்கெட் வாங்குவதில்லை. நக்கல், சீண்டல், தோற்றவர்களை விடாமல் கலாய்ப்பது எல்லாம் ஆட்டத்தோடு வருபவைதான். எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கைதட்டல் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தக் கையேடு பயன்படாது. டிரம்முக்குப் பக்கத்தில் நின்று அடுத்த பாட்டை எடுத்துக் கொடுப்பவர்களுக்கும், ரசிகர் குழுவின் பாட்டுப் பட்டியலைத் தயாரிப்பவர்களுக்கும் எழுதியது இது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வருகின்றன. கோஷங்களால் உண்டான காயம், அதற்கு வந்த சட்டம், தண்டனை, ரசிகர்களின் எதிர்வாதம் எல்லாம் அங்கே விரிவாகப் பதிவாகியிருக்கின்றன.

எசப்பாட்டு வருமா?

ஒரு கோஷத்தைப் பட்டியலில் சேர்க்குமுன் முதலில் கேட்க வேண்டியது: எதிர்க் கேலரி இதற்கு எசப்பாட்டு பாட முடியுமா?

மான்செஸ்டர் சிட்டி 1976இல் லீக் கோப்பையை வென்றது. அதன்பின் பல்லாண்டுகள் பெரிய கோப்பை எதுவும் வரவில்லை. அதே ஊரின் எதிரணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகர்கள் தங்கள் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ஒரு பேனரைத் தொங்கவிட்டு, சிட்டி கோப்பையில்லாமல் கழித்த ஆண்டுகளை எண்ணினார்கள். வருடம் ஏற ஏற எண்ணும் ஏறியது. 2011இல் சிட்டி எஃப்.ஏ. கோப்பையை வென்றதும், 35இல் நின்ற அந்தப் பேனர் இறங்கியது. சிட்டி ரசிகர்களுக்கு அது நன்றாகவே வலித்திருக்கும். ஆனால் பதில் சொல்ல ஆடுகளத்திலேயே வழி இருந்தது, ஒருநாள் சொல்லியும் விட்டார்கள். எதிரணியைக் குத்த இதைவிட நல்ல கூர்மை கிடைக்காது.

விபத்தில் செத்தவர்களைப் பற்றிய கோஷத்துக்கு அப்படிப் பதில் கிடையாது. இன்னொரு சாவை இழுத்துத்தான் திருப்பி அடிக்க முடியும்.

இரண்டாவது கேள்வி: இலக்கு அவர்கள் செய்ததா, அவர்களாக இருப்பதா? பெனால்டியை வானத்துக்கு அடித்தது செய்தது. தோல் நிறம், மதம், யாரைக் காதலிக்கிறார் என்பது, எந்த ஊரில் பிறந்தார் என்பது எல்லாம் இருப்பவை. மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் மறக்கிறார்கள்: நம் கேலரியிலேயே இது யார்மேல் விழும்? தன்பால் ஈர்ப்பாளரைப் பழிக்கும் கோஷத்தை எதிரணி கேட்டும் கேட்காமலும் போகலாம். நமக்கு இரண்டு வரிசை தள்ளி, நம் ஜெர்ஸியோடு நிற்பவர் ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறார்.

சாவுகளின் கணக்கு

1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் நடந்த விமான விபத்தில் 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 பேர் மான்செஸ்டர் யுனைடெட் வீரர்கள். 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் யுவென்டஸ் ரசிகர்கள். லிவர்பூல் ரசிகர்கள் சிலர் பாய்ந்ததில் கூட்டம் ஒதுங்கி, சுவர் இடிந்தது. 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கி லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள், கடைசியாக ஒருவர் 2021இல். பழியை முதலில் ரசிகர்கள்மேலேயே போட்டார்கள். இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்களின் நடத்தை காரணமல்ல என்று விசாரணை ஜூரி சொல்வதற்கு 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தத் தேதிகள் ஏன் பாட்டுகளாயின? ஒரு பக்கம் மியூனிக்கைப் பாட, மறுபக்கம் ஹில்ஸ்பரோவைப் பாட, 'முதலில் ஆரம்பித்தது அவர்கள்தான்' என்று இரண்டு பக்கமும் கணக்கு வைத்திருந்தன. அந்தக் கணக்கை யாராலும் தீர்க்க முடியாது. முதல் கோஷத்தைத் தேடிப் போனால் ஒவ்வொருவரும் வேறு ஆண்டைச் சொல்வார்கள். ஆகவே கோஷக் குழுவுக்கு ஒரே விதிதான்: இறந்தவர்கள் பட்டியலில் இல்லை, பதிலடியாகக்கூட இல்லை. 'அவர்கள் பாடினால்தான் நாங்கள் பாடுவோம்' என்ற விதிவிலக்கைச் சேர்த்த அன்றே விதி செத்துவிடும். எதிர்க் கேலரியில் ஒரு குடிகாரன் வாயைத் திறந்தால் போதும்.

சைகையும் இதில் அடங்கும். கைகளை விமானம்போல் விரித்து ஆட்டுவது, மூச்சுத் திணறுவதுபோல் நடிப்பது, சட்டையில் எண் அச்சிடுவது எல்லாம் கோஷம்தான். 2023 எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டிக்கு ஒருவர் 97 பேர் இறந்தது போதாது என்று பொருள்படும் ஜெர்ஸியைப் போட்டு வந்தார். ஒரு வார்த்தைகூடப் பாடவில்லை. 1,000 பவுண்டு அபராதமும் 4 ஆண்டுத் தடையும் கிடைத்தன. அதே ஆண்டு மார்ச்சில் லிவர்பூல், யுனைடெட் அணிகள் மோதுவதற்கு முன்னால் பயிற்சியாளர்கள் யூர்கன் க்ளோப்பும் எரிக் டென் ஹாக்கும் சேர்ந்தே அறிக்கை விட்டு, இறந்தவர்களை இழுக்கும் கோஷங்களை நிறுத்தச் சொன்னார்கள். ஆகஸ்ட் முதல் இத்தகைய கோஷங்களைப் பொது ஒழுங்குக் குற்றமாகத் தொடரலாம் என்று இங்கிலாந்து அரசு வழக்குத் துறை வழிகாட்டுதலிலேயே எழுதிவிட்டது.

இதில் சிக்கலானது இரட்டை அர்த்தக் கோஷம். லிவர்பூல் ரசிகர்களை 'எப்போதும் பாதிக்கப்பட்டவர்கள்' வேஷம் போடுகிறவர்கள் என்று கேலி செய்யும் பாட்டு ஒன்று உண்டு. பாடுகிறவர்களில் பலர், நடுவரைக் குறைசொல்வதைத்தான் கிண்டலடிக்கிறோம் என்பார்கள். சிலருக்கு அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஹில்ஸ்பரோவுக்குப் பின் 27 ஆண்டுகள் நீதிக்காக அலைந்தவர்களைப் பார்த்து அந்தச் சொல்லைப் பாடினால் அது எங்கே போய்த் தைக்கும் என்பது பாடுகிறவருக்கும் தெரியும். எங்கள் முடிவு: 'நாங்கள் அதைச் சொல்லவில்லை' என்று விளக்கம் சொல்ல வேண்டிய கோஷம் பட்டியலுக்கு வேண்டாம். நடுவரைப் பற்றிப் பாட வேண்டுமென்றால் நடுவரைப் பற்றியே பாடுங்கள்.

அன்பாகப் பாடினாலும்

இழிவு எப்போதும் எதிரணிக்கே போகும் என்றில்லை. மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் தங்கள் அணியின் தென்கொரிய வீரர் பார்க் ஜி-சுங்குக்காக ஒரு பாட்டு வைத்திருந்தார்கள். அவர்மேல் இருந்த பிரியத்தில் கட்டியது. அதில் கொரியர்கள் நாய்க்கறி தின்பவர்கள் என்ற வசை முதலில் வரும், லிவர்பூல்காரர்கள் ஏழைகளுக்கான அரசு வாடகை வீட்டில் எலி தின்பவர்கள் என்ற வசை அடுத்து வரும். இனப்பழிப்பு ஒன்று, வறுமைப்பழிப்பு ஒன்று, இரண்டும் ஒரே மெட்டில். பார்க் ஓய்வுபெற்று ஆண்டுகள் கழிந்தபின், 2021இல் வுல்வர்ஹாம்ப்டன் இன்னொரு கொரிய வீரரை அறிமுகப்படுத்தியபோது அதே பாட்டு மறுபடி கிளம்பியது. அதை நிறுத்துங்கள் என்று பார்க்கே வெளிப்படையாகக் கேட்டார். ஆடிய காலத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பவர்கள், புது ஊரில், புது அணியில், தனக்காகப் பாடும் ஆயிரக்கணக்கானவர்களிடம் ஓர் இளைஞர் எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்று யோசிக்க வேண்டும். 2017இல் யுனைடெட் ரசிகர்கள் தங்கள் வீரர் ரொமேலு லுகாகுவின் உடலை வர்ணித்துப் பாடிய பாட்டும் இதே வகை. புகழ்ச்சிதான், ஆனால் கறுப்பின ஆண்களைப் பற்றிய பழைய இனவாதக் கற்பனையில் நிற்கும் புகழ்ச்சி.

ஆகவே நம் வீரருக்கான பாட்டையும் அதே மூன்று கேள்விகளில் போட்டுப் பாருங்கள். ஒரு சின்ன உத்தி: அவர் பெயரை எடுத்துவிட்டு, அதே நாட்டிலிருந்து வந்த எதிரணி வீரரின் பெயரைப் போட்டுப் பாடுங்கள். வசையாகக் கேட்டால், அது முதலிலிருந்தே வசைதான்.

தங்கள்மேல் எறிந்த சொல்லைத் தாங்களே எடுத்து மாட்டிக்கொள்வது இன்னொரு சிக்கல். லண்டன் கிளப்பான டாட்டன்ஹாமுக்கு யூத ரசிகர்கள் அதிகம் என்பதால் எதிரணிகள் யூதரைப் பழிக்கும் சொல்லால் அவர்களைக் கூப்பிட்டன. அந்த ரசிகர்கள், யூதரல்லாதவர்களும் சேர்ந்து, அதையே தங்கள் பெயராக்கிக்கொண்டார்கள். 2013இல் அதைப் பாடியதற்காகச் சிலர் கைதானார்கள், மறு ஆண்டு வழக்கு கைவிடப்பட்டது. 2019இல் கிளப் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டபோது 23,000 பேருக்கு மேல் பதில் சொன்னார்கள். 2022இல் அந்தச் சொல்லைக் கைவிடும்படி கிளப்பே கேட்டுக்கொண்டது. வசைக்கு ஆளான சமூகத்தவர் அதைத் தூக்கிச் சுமப்பது அவர்கள் உரிமை. ஆனால் முப்பதாயிரம் பேர் கத்தும்போது, அதில் யாருக்கு அந்த உரிமை உண்டு என்று எதிரே நிற்பவருக்குத் தெரியப்போவதில்லை. எதிரணியோ அந்தச் சொல்லைச் சாக்காக வைத்துக்கொண்டு விஷவாயு அறைகளை நினைவூட்டும் 'ஸ்ஸ்ஸ்' சத்தம் எழுப்புகிறது. அது தவறு என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. எந்த விளக்கமும் அதைக் காப்பாற்றாது.

ஊர், வறுமை

இங்கேதான் ரசிகர்களே இரண்டாகப் பிரிகிறார்கள். லிவர்பூல்காரர்களை வேலையில்லாதவர்கள், அரசு உதவித்தொகைக்கு வரிசையில் நிற்பவர்கள் என்று பாடுவது பல ஊர்களில் வழக்கம். சட்டம் இதைத் தொடுவதில்லை, ஊர் என்பது இனமல்ல என்பதால். ஊர் நக்கலை முழுசாகத் தடுத்தால் உள்ளூர்ப் போட்டியே மிஞ்சாது என்பதும் உண்மை. நாங்கள் இங்கே கோடு போடுவோம்: ஊரின் பெருமையை, அலட்டலை, பேச்சைக் கிண்டலடிக்கலாம். பசியைக் கிண்டலடிப்பது வேண்டாம். லிவர்பூல், எவர்ட்டன் ரசிகர்கள் பரம வைரிகளாக இருந்தும் 2015இல் சேர்ந்து, ஆட்ட நாளில் மைதான வாசலில் உணவு வங்கிக்குப் பொருள் திரட்டத் தொடங்கினார்கள். அதே வாசல் வழியாக உள்ளே போய்ப் பசியைப் பாடும் வெளியூர்க்காரர்களின் கேலரியிலும் வாடகை கட்டத் திணறுகிறவர்கள் இருப்பார்கள்.

இத்தாலியில் இது இன்னும் கடுமை. வெசூவியஸ் எரிமலையைக் கூப்பிட்டு நேப்பிள்ஸ் மக்களை நெருப்பால் கழுவச் சொல்லும் கோஷம் வடக்கு மைதானங்களில் பழசு. 2013இல் இதற்காக ஏசி மிலானின் ரசிகர் பகுதியை மூட உத்தரவு வந்தது. வேடிக்கை என்னவென்றால், நேப்பிள்ஸின் தீவிர ரசிகர்கள் தங்கள் மைதானத்தில் தங்களையே பழித்துப் பாடி, இப்போது எங்கள் கேலரியையும் மூடுங்கள் என்றார்கள். கூட்டுத் தண்டனை வந்தால் பாடியவனும் பாடப்பட்டவனும் அதிகாரத்துக்கு எதிராக ஒன்றாகிவிடுகிறார்கள். மேலிருந்து வரும் தடையை நம்பிக் குழு சும்மா இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கிளப் உரிமையாளர், நிர்வாகம், சங்கம் பற்றிய எதிர்ப்பு இந்தக் கணக்கில் வராது. 2021இல் நியூகாஸிலின் சவுதி உரிமையாளர்களைக் கண்டித்துக் கிரிஸ்டல் பேலஸ் ரசிகர்கள் பேனர் பிடித்தார்கள். போலீஸ் பார்த்துவிட்டுக் குற்றம் எதுவுமில்லை என்றது. அதிகாரத்தில் இருப்பவர் செய்ததைக் கேட்பது வேறு, அவர் இனத்தைப் பழிப்பது வேறு.

சட்டம் எங்கே பிடிக்கும்

இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டின் கால்பந்துக் குற்றங்கள் சட்டப்படி, ஆபாசமான அல்லது இனவெறிக் கோஷம் குற்றம். சொற்கள் மட்டுமல்ல, ஒலிகளும் சேர்த்தி. முதலில் இருவராவது சேர்ந்து பாடியிருக்க வேண்டும் என்றிருந்தது. 1999 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் தனியாகத் திரும்பத் திரும்பக் கத்தினாலே போதும். ஆட்டம் தொடங்குவதற்கு 2 மணி நேரம் முன்பிருந்து, முடிந்து 1 மணி நேரம் வரை மைதானத்தில் இது செல்லும். அபராதம் அதிகபட்சம் 1,000 பவுண்டு. உண்மையில் கடிப்பது தடை ஆணைதான்: சிறைத் தண்டனை இல்லாவிட்டால் 3 முதல் 5 ஆண்டு, சிறையோடு சேர்ந்தால் 6 முதல் 10 ஆண்டு. வெளிநாட்டு ஆட்டங்களின்போது பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவும் வேண்டிவரும்.

தன்பால் ஈர்ப்பாளர் பழிப்பு அந்தச் சட்டத்தின் 'இனவெறி' வரையறையில் இல்லை. அதனால் தப்பிக்கலாம் என்று நினைப்பது தவறு. செல்சி ரசிகர்களை நோக்கி ஆண்டாண்டாகப் பாடப்பட்ட ஒரு கோஷத்தைத் தன்பால் ஈர்ப்பாளர் பழிப்பாகவே எடுத்துக்கொள்வோம் என்று 2022இல் வழக்குத் துறை அறிவித்தது. 2023இல் அதே கோஷத்துக்காக வுல்வர்ஹாம்ப்டன் கிளப்புக்கு 1,00,000 பவுண்டு அபராதம் விழுந்தது.

தமிழ்நாட்டுக் கேலரிகளில் வேறு இரண்டு ஆபத்துகள். ஒன்று, தாயையும் தங்கையையும் இழுக்கும் வசை. கோபம் வந்தால் நாக்கு அங்கேதான் போகும், பக்கத்தில் குடும்பத்தோடு வந்தவர்கள் அடுத்த ஆட்டத்துக்கு வரமாட்டார்கள். மற்றொன்று, சாதிப் பெயரை வசையாக்குவது. பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவரைப் பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், குறைந்தது 6 மாதச் சிறை. சென்னைக்கும் கேரளத்துக்கும் நடக்கும் ஆட்டங்களில் கோல்கீப்பரின் ஓட்டைக் கையைப் பாடுங்கள். 2015 வெள்ளத்தையும் 2018 வெள்ளத்தையும் எந்தப் பக்கமும் தொடக் கூடாது.

கட்டுவது எப்படி

நூறு மீட்டர் நீளக் கேலரியில் ஒரு முனைச் சத்தம் மறு முனைக்குப் போக ஏறத்தாழ 0.3 நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓர் அடி 0.5 நொடிதான். ஆக, டிரம் ஓர் ஓரத்தில் இருந்தால் மறு ஓரம் பாதி அடிக்குமேல் பின்தங்கும், பாட்டு கஞ்சியாகிவிடும். டிரம்மை நடுவில் வையுங்கள், வேகத்தை 90, 100க்குள் வையுங்கள்.

அறத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கேலரிப் பாட்டில் எதிர்ப்பக்கத்துக்குத் தெளிவாகப் போய்ச் சேர்வது நெடில் உயிரும் கடைசிச் சொல்லும்தான். நுணுக்கமான சிலேடையை வைத்து, கடைசியில் ஒரு வசைச் சொல்லைப் போட்டால், அங்கே கேட்பது வசை மட்டும். 'பாட்டு முழுக்கக் கேட்டால் புரியும்' என்பது எடுபடாது, முழுக்க யாரும் கேட்பதில்லை. ஆகவே கடைசிச் சொல்லை முதலில் முடிவு செய்யுங்கள். நான்கு அடி கேள்வி, நான்கு அடி பதில் போதும்:

கோல் எங்கே? கோல் எங்கே?
பஸ்ஸுலயே விட்டாச்சா?

நெடில்கள் இழுத்துப் பாட வசதியாக இருக்கின்றன. கோல் விழுந்ததும் எதிரணி இதையே திருப்பிப் பாடலாம். பாடட்டும்.

நடுவில் கிளம்பிவிட்டால்

பட்டியலில் இல்லாத கோஷம் எங்கிருந்தாவது கிளம்பும். வழக்கமாக எதிரணி கோல் போட்ட இரண்டு நிமிடத்துக்குள், அல்லது ஆட்டம் மந்தமாகும்போது. முதல் இரண்டு சுற்றுக்குள் அமுக்கினால் அடங்கும், மூன்றாவதில் பக்கத்து பிளாக் சேர்ந்துவிடும்.

1. டிரம்மை உடனே வேறு தாளத்துக்கு மாற்றுங்கள். கிளம்பிய கோஷத்தின் தாளத்துக்கு ஒரு அடிகூடக் கொடுக்காதீர்கள்.
2. எல்லோருக்கும் தெரிந்த, நம் அணி பெயர் வரும் பாட்டை மேலே போடுங்கள். புதுப் பாட்டு வேண்டாம், பிடிக்காது.
3. தொடங்கியவர்களுக்கு அருகில் நிற்கும் குழு ஆள் ஒருவர் மட்டும் போய்ப் பேசட்டும். மூன்று பேர் போனால் சண்டையாகும்.
4. அடங்கவில்லை என்றால் மைதானப் பாதுகாவலரிடம் நேரம், பிளாக், வரிசை, இருக்கை எண், கேட்ட சொற்கள் ஆகியவற்றைச் சொல்லுங்கள். பல இங்கிலாந்து மைதானங்களில் குறுஞ்செய்தி எண் இருக்கும், அதுவே நல்லது.

பொதுவாகச் சொதப்புவது இவைதான். 'ஊ' என்று கத்தி எதிர்த்தால் சத்தம் கூடுகிறது, தூரத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கும். மெகாஃபோனில் 'அதைப் பாடாதீர்கள்' என்று அறிவித்தால், அதுவரை காதில் விழாதவருக்கும் அது என்ன என்று தெரிந்துவிடுகிறது. பாடியவரின் முகத்தைப் படமெடுத்து இணையத்தில் போட்டால், தவறான ஆள் மாட்டும் வாய்ப்பு உண்டு, சரியான ஆள் மாட்டினாலும் குழு உடையும். வீடியோ எடுத்திருந்தால் கிளப்பிடம் மட்டும் கொடுங்கள். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் ரயிலையும் பஸ்ஸையும் மறக்காதீர்கள். பெரும்பாலான கோஷங்கள் அங்கே, மூன்றாவது பீருக்கும் ஊர் வருவதற்கும் இடையில் ஒத்திகை பார்க்கப்படுகின்றன. பஸ்ஸில் ஒரு குழு ஆள் கட்டாயம் உட்கார வேண்டும்.

சீசன் அட்டவணை வந்ததும் எதிரணிகளின் துக்க நாட்களைக் குறித்து வையுங்கள். பிரிட்டனில் பிப்ரவரி 6, ஏப்ரல் 15 போலவே மே 11உம் உண்டு, 1985இல் பிராட்ஃபோர்டு மைதானத் தீயில் 56 பேர் இறந்த நாள். அந்த வாரம் ஆட்டம் விழுந்தால், மௌன அஞ்சலி எத்தனை மணிக்கு என்று எதிரணி ரசிகர் குழுவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு ஐந்து நிமிடம் முன்பே டிரம்மை நிறுத்துங்கள். தாமதமாக உள்ளே வருபவர்கள் பாடிக்கொண்டே படியேறுவார்கள். படிக்கட்டு வாயிலில் ஓர் ஆளை நிறுத்தினால் அந்தச் சங்கடம் தீரும்.

ஆட்டம் முடிந்த மறுநாள் குழு பேசும்போது, எந்தக் கோஷம் எப்போது கிளம்பியது, எத்தனை சுற்று ஓடியது, எது அதை அமுக்கியது என்று மூன்றே வரி எழுதி வையுங்கள். தொடங்கியது குழு ஆளே என்றால் அடுத்த மூன்று ஆட்டங்களுக்கு டிரம்மும் மெகாஃபோனும் அவர் கையில் இருக்கக் கூடாது, அவர் எவ்வளவு நன்றாக அடிப்பவராக இருந்தாலும்.